கச்சான் எழும்புமுன் புறாமலை

கடந்த மாதம் ஒரு மாலையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைக் கடந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, பின்னிருக்கையில் இருந்த அம்மா மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "இந்த முறையும் புறாமலைக்குப் போறதெண்டா, நானும் வரட்டா புள்ள?" பிள்ளைகள் இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு அம்மம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள். புறாமலை திருகோணமலைப் பக்கம், நிலாவெளிக் கடலில் இருக்கிறது. என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அம்மா கடல்நீரில் கால் வைத்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது.

எங்கள் வீடு நாவலடியில் இருந்தது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் நிலம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை வந்த அலை எங்கள் வீட்டையும் பெரியம்மாவையும் கொண்டுபோனது. அதன் பின்னர் திராய்மடுவில் குடியேறினோம். சிறுமியாக இருந்தபோது வாவியில் இறங்கி மட்டி பொறுக்கியவரும், நீந்துவதற்கு யாரும் கற்றுக்கொடுக்காமலே நீந்தியவருமான அம்மா, கடல் இரைச்சல் கேட்கும் உறவினர் வீடுகளில் இரவு தங்குவதைக்கூட நிறுத்திக்கொண்டார். அந்தக் காலையைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த ஊர்களில் வாழும் எவருக்கும் அதை நான் விளக்க வேண்டியதுமில்லை. அம்மாவின் அந்த ஒரு கேள்வியால் எங்கள் பயணத் திட்டம் முழுவதும் வேறொன்றாக மாறியது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டும் நாங்கள் போயிருந்தோம். அந்தப் பயணம் தோற்றுப்போனது என்றே நான் கருதுகிறேன். வெசாக் விடுமுறையை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணிக்கு ஆறுதலாகப் புறப்பட்டு, வழியில் இரண்டு இடங்களில் நின்று தேநீர் குடித்து, நிலாவெளியை அடைந்தபோது பத்தரை மணியாகியிருந்தது. நுழைவுச்சீட்டு எடுக்கும் இடத்தில் நீண்ட வரிசை நின்றது. படகில் ஏறியபோது நண்பகலை நெருங்கிவிட்டது. அதற்குள் காற்றும் எழும்பிவிட்டது. வாடகைக்கு எடுத்த நீர்க்கண்ணாடி மகனின் முகத்துக்குச் சற்றுப் பெரிது. நீரில் இறங்கிச் சில நிமிடங்களில் உப்புநீர் உள்ளே புகுந்தது, வாயில் வைத்திருந்த மூச்சுவிடும் குழாய் வழியாகவும் குடித்துவிட்டான், பதறிப்போய்க் கால் ஊன்ற இடம் தேடினான். அவன் கால் ஊன்றியது பவளப்பாறை எனப்படும் முருகைக்கல்லின் மேல். முழங்காலில் ஆழமான கீறல் விழுந்தது. காலடியில் மான்கொம்பு போன்ற ஒரு கிளை முறிந்து மணலில் கிடந்ததை நான் கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன்.

மகனின் காயம் இரண்டு கிழமையில் ஆறியது. அந்தக் கிளையைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கிளைவிட்டு வளரும் முருகைக்கற்கள் நல்ல நிலையில் ஆண்டுக்கு 10 சென்ரிமீற்றர் அளவுக்கு வளரக்கூடும். உருண்டைப் பாறை போல வளரும் வகைகளோ ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளரும். என் மகன் பிறந்த நாளிலிருந்து இன்று வரை அப்படியொரு முருகைக்கல் வளர்ந்திருக்கக்கூடிய அளவு, அவனுடைய ஒரு சாண் நீளத்துக்குக்கூட வராது. பிழையான நேரத்தில், பொருந்தாத கண்ணாடியோடு, பழக்கமில்லாத பிள்ளையைக் கடலில் இறக்கியது என் குற்றம். ஆகவே இந்த ஆண்டுத் திட்டத்தை எழுத உட்கார்ந்தபோது, கொப்பியின் முதல் வரியாக, 'எட்டு மணிக்குத் தீவில் நிற்க வேண்டும்' என்று எழுதினேன். மற்ற எல்லாவற்றையும் அந்த எட்டு மணியிலிருந்து பின்னோக்கியே கணக்கிட்டேன்.

புறாமலை என்று நம்மவர்கள் சொல்லும் இடம், நிலாவெளிக் கரையிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்தில் உள்ள இரண்டு சிறு தீவுகள் ஆகும். பெரிய தீவு சுமார் 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும் கொண்டது. அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 44.8 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சின்னத் தீவைப் பாறைகள் சூழ்ந்திருக்கின்றன. நகரத்துக் கட்டடங்களில் குடியிருக்கும் புறாக்களின் காட்டு மூதாதையான மாடப்புறாக்கள் அந்தப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுவதால்தான் இந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அந்த இடம் துப்பாக்கிச் சூட்டுப் பயிற்சிக்குப் பயன்பட்டது என்பதை நினைக்கும்போது, புறாக்கள் இன்னும் அங்கே இருப்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது. 1963இல் அது சரணாலயமாக்கப்பட்டது. 2003இல் இலங்கையின் 17ஆவது தேசியப் பூங்காவானது. பூங்காவின் பரப்பளவு 471 ஹெக்டயர். தீவின் அளவோடு இதை ஒப்பிட்டுப் பார்த்தால் பூங்காவின் மிகப் பெரும்பகுதி கடல்தான் என்பது தெரியும். கால் வைக்கும் நிலம் அதற்கு ஒரு வாசற்படி மட்டுமே.

எங்கள் பாசிக்குடாவிலும் முருகைக்கல் பார்கள், அதாவது முருகைக்கற்கள் சேர்ந்து வளர்ந்த கடலடித் திட்டுகள், இருக்கும்போது ஏன் இவ்வளவு தூரம் போக வேண்டும் என்று தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. 1998இல் இந்து சமுத்திரத்தின் நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, முருகை உயிரிகள் தம்முள் வைத்திருந்து உணவு பெறும் நுண்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளிறிப்போயின. நீரின் சூடு நீடித்த இடங்களில் அவை பசியால் செத்தன. பாசிக்குடாப் பக்கத்துப் பார்கள் அந்த ஆண்டு பெரும் அழிவைக் கண்டன. திருகோணமலைப் பக்கத்துப் பார்கள் பெருமளவுக்குத் தப்பின. அந்தக் கடலில் 100 அளவிலான முருகை வகைகளும் 300 அளவிலான பார் மீன் வகைகளும் பதிவாகியுள்ளன. அவற்றில் பலவற்றைப் புறாமலையைச் சுற்றியே காணலாம். அழுங்காமையும் பச்சை ஆமையும் அங்கே வருகின்றன. என் பிள்ளைகள் ஒரு முழுமையான பாரை இந்த வயதிலேயே பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். இன்னும் இருபது ஆண்டுகளில் அவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும்போது கடல் எவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரை, வைகாசி முதல் புரட்டாதி வரையில்தான். வடகிழக்குக் காற்றான வாடை தொடங்கிவிட்டால் நிலாவெளியில் படகே ஓடாது. ஆனால் 'அமைதியான காலம்' என்பதை நாள் முழுவதற்கும் பொருந்தும் சொல்லாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எங்களுக்கு வழிகாட்டியது பாலமீன்மடுவில் இருக்கும் மாமா. அம்மாவின் தம்பியான அவர் நாற்பது ஆண்டுகள் கடலுக்குப் போனவர். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்றான கச்சான் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். கரைக்கு அருகில் நீர் தட்டையாகத் தெரியும். அதை நம்பி மிதப்பவரை அந்தக் காற்று ஓசையில்லாமல் வெளிக்கடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். நிலம் நன்றாகச் சூடேறிய பிறகு, மத்தியானத்தை ஒட்டி, கடற்காற்று எதிர்ப்பக்கமாக எழும்பி அலையைக் கிளப்பும், அடி மணலைக் கலக்கும், கண்ணாடிக்குள்ளால் பார்க்கும் பார்வையை மங்கச் செய்யும். இரண்டுக்கும் இடையில் கிடைக்கும் விடியற்காலை நேரம்தான் எங்களுக்கு உரியது. "பத்து மணிக்குப் பிறகு தண்ணிக்குள்ள நிக்காதீங்க, மருமகள்" என்றார் மாமா. சென்ற ஆண்டு நாங்கள் படகில் ஏறிய நேரத்தைக் கேட்டவுடன் அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலையை மடித்தார்.

ஆகவே வைகாசி மாதக் கடைசிப் புதன்கிழமையைத் தெரிவு செய்தோம். கச்சான் வலுக்கும் முன்னர், போயா விடுமுறைகள் எதுவும் ஒட்டாத ஒரு வார நாள். பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஒரு நாள் விடுமுறைக் கடிதம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆசிரியையாக இருக்கும் எனக்கு அதில் சங்கடம் உண்டு. ஆயினும் கூட்டமான நாளில் பாரின் மேல் மிதக்கும் நூறு பேரில் நாங்களும் சேர்வதைவிட, ஆள் குறைந்த நாளில் போவது பாருக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது.

மட்டக்களப்பிலிருந்து நிலாவெளி ஏறத்தாழ 150 கிலோமீற்றர். ஏறாவூர், செங்கலடி, கிரான், வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்து, காயான்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, வெருகல், தோப்பூர், மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலையை அடைந்து, அங்கிருந்து உப்புவெளி ஊடாக வடக்கே போக வேண்டும். இன்று மூன்றரை மணித்தியாலத்தில் முடியும் இந்தப் பயணம், என் சிறுவயதில் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய ஒன்றாக இருந்ததில்லை. வாகனங்களைப் பாதைப் படகுகளில் ஏற்றித்தான் ஆறுகளையும் கழிமுகங்களையும் கடப்பார்கள். ஒன்றில் காத்திருந்து மற்றதைத் தவறவிடுவதும் உண்டு. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், அதைத் தொடர்ந்து மற்றப் பாலங்கள் முடிந்ததும்தான் கரையோரமாக நேரே போகும் வழி எங்களுக்குக் கிடைத்தது. அந்தப் பாலங்கள் இல்லாவிட்டால் இந்தத் திட்டத்தில் 'ஒரு நாள்' என்ற சொல்லுக்கே இடமில்லை.

கணக்கு இப்படி வந்தது. எட்டு மணிக்குத் தீவில் நிற்க வேண்டுமானால் ஏழரைக்குப் படகில் இருக்க வேண்டும். சீட்டு எடுப்பதற்கும் பாதுகாப்பு அங்கிகளைச் சரிபார்ப்பதற்கும் அரை மணித்தியாலம் வேண்டும் என்பதால் ஏழு மணிக்கு நிலாவெளியில் இறங்க வேண்டும். வழியில் ஒரே ஒரு நிறுத்தம் என்று வைத்தாலும் அதிகாலை மூன்று மணிக்கு வீட்டு வாசலைத் தாண்டியாக வேண்டும். வாகரைக்கும் வெருகலுக்கும் இடைப்பட்ட பகுதியில் இரவில் யானை நடமாட்டம் உண்டு. மாடுகள் வீதியிலேயே படுத்திருக்கும். அந்தப் பகுதியை வேகமாகக் கடக்கச் சொல்லி யாரும் சாரதியை நெருக்கக் கூடாது என்பதற்காகவே மூன்றரை என்று முதலில் எழுதியதை வெட்டி மூன்று என்று திருத்தினேன். அதே காரணத்துக்காக, முதல் நாள் இரவு வேறு ஓட்டம் எடுக்காத ஒரு சாரதியைத் தேடிப் பிடித்து, அதற்கென்று சற்றுக் கூடுதலாகப் பணம் கொடுக்கவும் ஒத்துக்கொண்டோம். பயணத்தின் ஆபத்து என்றால் எல்லாரும் கடலையும் சுறாவையும் நினைக்கிறார்கள். என் பயம் முழுவதும் தூக்கக் கலக்கத்தோடு வாகனம் ஓட்டும் கண்களைப் பற்றியது.

இங்கே வீட்டுக்குள் ஒரு வாக்குவாதம் எழுந்தது. அவ்வளவு தூரம் போகும்போது திருக்கோணேஸ்வரத்தைக் கும்பிடாமல் திரும்புவதா என்று என் கணவர் கேட்டார். கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் குளிக்க வேண்டும் என்று மகள் கேட்டாள். இரண்டுமே நியாயமான ஆசைகள். இரண்டையும் நான் மறுத்தேன். ஒரு நாளுக்குள் மூன்று இடங்களைத் திணித்தால் மூன்றிலும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்போம். கோணேசர் மலையில் நிற்பவர் இறங்கும் நேரத்தை எண்ணிக்கொண்டு நிற்கக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும். கடைசியில், திரும்பும் வழியில் வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் மட்டும் இறங்குவது என்று முடிவானது. அது எப்படியும் எங்கள் வழியிலேயே இருக்கிறது.

திட்டத்தின் மிக நீளமான பகுதி பயணத்துக்கு முந்திய ஆறு கிழமைகள்தான். முதலில் கண்ணாடிகள். இந்த முறை வாடகைக்கு எடுப்பதில்லை என்று தீர்மானித்து, ஆளுக்கொன்றாக வாங்கினோம். பொருத்தம் பார்க்கும் முறை எளிது. பட்டியைத் தலையில் மாட்டாமல் கண்ணாடியை முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல மூச்சை உள்ளே இழுக்க வேண்டும். கையை எடுத்த பின்னும் அது முகத்தில் ஒட்டி நின்றால் உள்ளே நீர் புகாது. ஒரு மயிரிழை இடையில் அகப்பட்டாலும் கசியும். மகனுக்கு நான்காவது கண்ணாடிதான் பொருந்தியது. கடைக்காரர் பொறுமையோடு ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தார்.

பிறகு வீட்டுக் கிணற்றடியில் ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டி வைத்து, முகத்தை மட்டும் நீரில் அமிழ்த்தி, குழாய் வழியாக மூச்சு விடப் பழகினார்கள். குழாய்க்குள் நீர் புகுந்தால் பதறாமல், வாயிலிருந்து குழாயை எடுக்காமல், ஒரே ஊதலில் வெளியேற்ற வேண்டும். கேட்பதற்கு மிகச் சின்ன வேலை. சென்ற ஆண்டு என் மகனுக்கு அது தெரிந்திருந்தால் அந்தக் கிளை முறிந்திருக்காது. மகள் இரண்டு நாளில் பழகிவிட்டாள். மகனுக்கு ஒரு கிழமை எடுத்தது, ஏனென்றால் ஒரு முறை நீர் குடித்த நினைவு அவனுக்குள் இருந்தது. நான் அவனை அவசரப்படுத்தவில்லை.

அதன் பின்னர் மூன்று சனிக்கிழமைகள் பாசிக்குடா. நெடுந்தூரம் நடந்து போனாலும் இடுப்பளவு நீரே இருக்கும் அந்தக் குடாவைப் போலப் பழகுவதற்கு ஏற்ற இடம் இந்த நாட்டில் வேறெங்கும் கிடையாது என்பது என் எண்ணம். அங்கே நாங்கள் வைத்த விதி ஒன்றுதான்: என்ன நடந்தாலும் கால் ஊன்றக் கூடாது. களைத்தால் மல்லாந்து மிதக்க வேண்டும், கண்ணாடிக்குள் நீர் வந்தால் மிதந்தபடியே கழற்றி ஊற்ற வேண்டும், உதவி வேண்டுமானால் ஒரு கையைத் தலைக்கு மேல் உயர்த்த வேண்டும். கீழே மணல்தான் இருந்தது, ஊன்றினாலும் ஒன்றும் முறியாது. ஆனாலும் கீழே பார் இருப்பதாகவே நினைத்து இருபது நிமிடங்கள் தொடர்ந்து மிதக்கும் வரை விடவில்லை. மூன்றாவது சனிக்கிழமை மகன் இருபத்தைந்து நிமிடங்கள் மிதந்துவிட்டு எழும்பி, "அம்மா, இனிக் காலைத் தேவையில்லாம வைக்க மாட்டன்" என்றான்.

சுறாவைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. புறாமலையைச் சுற்றிக் கருநுனிச் செட்டை கொண்ட பார்ச் சுறாக்கள் திரிகின்றன. அதற்காகவே அங்கே வருபவர்கள் பலர். வளர்ந்த ஒன்று மனித உயரத்துக்கு மிஞ்சாது, ஆட்களைக் கண்டால் விலகிப்போகும் கூச்ச சுபாவம் கொண்டது, பெரும்பாலும் மீன்களையே தின்பது. ஆனால் துரத்துவதும் உணவு போடுவதும் அதன் இயல்பைக் கெடுக்கும். மகள் அதைக் காண்பதற்காகவே வருகிறாள். மகன் தூரத்தில் கண்டால் போதும் என்கிறான். இருவரும் நினைப்பது சரிதான் என்று சொல்லிவிட்டேன்.

எடுத்துச் செல்லும் பொருள்களைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. ஆளுக்கு 2 லீற்றர் தண்ணீர் உலோகப் போத்தல்களில். பொலித்தீன் பை ஒன்றுகூட இல்லை. தோலுக்குப் பூசும் வெயில் தடுப்புக் களிம்புகளில் உள்ள சில வேதிப்பொருள்கள் முருகைக் குஞ்சுகளைப் பாதிக்கும் என்பதால், களிம்புக்குப் பதிலாக நீண்ட கை வைத்த, உடலோடு ஒட்டும் நீச்சல் சட்டைகள். தீவின் கரை முழுவதும் செத்த முருகைத் துண்டுகள் குவிந்து கிடப்பதால் அடி கனமான செருப்புகள். முருகைக்கல் கீறிய காயம் எளிதில் சீழ் பிடிக்கும். ஆகவே கழுவுவதற்கு நல்ல தண்ணீரும் சவர்க்காரமும் மருந்துத் துணியும். காலையில் வாகனத்துக்குள் பாணும் வாழைப்பழமும் இஞ்சித் தேநீரும் மட்டும், அதுவும் வாகரையைத் தாண்டுவதற்குள். நிறைந்த வயிற்றோடு படகில் ஏறினால் என்ன ஆகும் என்பது மகளுக்கு அனுபவமாகத் தெரியும். வாழையிலையில் கட்டிய சோறும் பொரித்த மீனும் சம்பலும் வாகனத்திலேயே இருக்கும். தீவுக்கு உணவு கொண்டுபோவதில்லை. கரைக்குத் திரும்பிய பின்னர்தான் சாப்பாடு. தீவில் கிடக்கும் ஒரு சிறு முருகைத் துண்டையும் எடுத்து வரக் கூடாது, அது செத்ததாயினும் சட்டப்படி குற்றம் என்பதை மகளிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். அவளுடைய மேசையில் பாசிக்குடாச் சிப்பிகள் ஏற்கெனவே ஒரு போத்தல் இருக்கின்றன.

பணத்தைப் பொறுத்தவரை, நுழைவுச்சீட்டோடு முடிவதில்லை என்பதை முதல் முறை போகிறவர்கள் அறிந்திருப்பது நல்லது. ஆளுக்கான கட்டணத்தோடு குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும் சேரும். படகு வாடகை தனி.

அம்மாவுக்கான திட்டத்தை நான் கொப்பியில் எழுதவில்லை. அவருக்கு முன்னால் அதை எழுதுவது சரியில்லை என்று தோன்றியது. முதல் கிழமை கல்லடியில் வாவிக்கரையில் மாலையில் உட்கார்ந்தோம். இரண்டாவது கிழமை மாமா தன் தோணியில் அம்மாவை வாவிக்குள் அழைத்துப்போனார். எருமைத்தீவு தெரியும் தூரம் வரை போய்த் திரும்பினார்கள். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மா தோணியிலிருந்து இறங்கும்போது முந்தானை நனைந்திருந்தது. மூன்றாவது கிழமை பாசிக்குடாவுக்கு எங்களோடு வந்து, மரத்தடியில் பாயை விரித்து, கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அதற்கடுத்த கிழமை கடலைப் பார்த்து உட்கார்ந்தார். கடைசிச் சனிக்கிழமை, மகள் வந்து கையைப் பிடித்து இழுத்தபோது எழுந்து போய், கரையில் அலை வந்து மணலை நனைத்துவிட்டுத் திரும்பும் இடத்தில் நின்றார். நீர் அவர் பாதத்தைத் தொட்டது. ஒரு நிமிடம், அல்லது அதற்கும் குறைவாக, நின்றுவிட்டுத் திரும்பி வந்து, "சூடாக் கிடக்கு" என்று மட்டும் சொன்னார்.

அவர் படகில் எங்கே உட்கார வேண்டும் என்பதை மாமாதான் சொல்லித் தந்தார். அலையில் அதிகம் எகிறுவது படகின் முன்பக்கமான அணியம். அங்கே ஒருபோதும் வேண்டாம். நடுவிலிருந்து சற்றுப் பின்னால், ஒரு பக்கம் என் தம்பி, மறுபக்கம் நான், முகம் கரையைப் பார்த்தபடி. படகோட்டியிடம் முன்கூட்டியே சொல்லி வேகத்தைக் குறைக்கச் சொல்வது. தீவில் இறங்கிய பிறகு அவர் நீருக்குள் வர வேண்டும் என்று யாரும் வற்புறுத்தக் கூடாது என்று பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெரியவர்களில் ஒருவர் எப்போதும் அம்மாவோடு கரையில் இருப்பார். இருவர் பிள்ளைகளோடு நீரில் இருப்பார்கள். அரை மணித்தியாலத்துக்கு ஒரு முறை மாறிக்கொள்வோம். பத்து மணிக்கு எல்லாரும் நீரை விட்டு வெளியேறுவது, பத்தரைக்குத் திரும்பும் படகு.

போகாமல் விடுவதற்கான விதியையும் இப்போதே எழுதி வைத்திருக்கிறேன். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பிராந்தியங்களுக்கு வெளியிடும் அறிக்கையில், திருகோணமலைப் பக்கத்துக்குக் காற்று மணிக்கு 40 கிலோமீற்றரைத் தாண்டும் என்றோ கடல் கொந்தளிக்கும் என்றோ இருந்தால் முதல் நாள் மாலையே பயணத்தை நிறுத்துவோம். அறிக்கை நன்றாக இருந்து, நிலாவெளிக் கரையில் நிற்கும்போது அலை வெள்ளையாக உடைவதைக் கண்டாலும் படகில் ஏற மாட்டோம். அப்படியானால் அன்று திருக்கோணேஸ்வரமும் கன்னியாவும். கணவரும் மகளும் இந்தப் பந்தியை மட்டும் மிகுந்த கவனத்தோடு படித்தார்கள். இதைக் கரையில் நின்று, மூன்று மணிக்குப் புறப்பட்ட களைப்போடும் கொடுத்த பணத்தின் நினைப்போடும் முடிவு செய்ய முயன்றால், சென்ற ஆண்டைப் போல எப்படியாவது ஏறித்தான் விடுவோம். அம்மாவும் படகில் இருக்கும்போது அப்படி ஒரு பிழையைச் செய்ய நான் தயாரில்லை.

நேற்று மாலை பாதுகாப்பு அங்கிகள் வந்து சேர்ந்தன. பிள்ளைகளின் அளவுக்கு ஏற்றவை கரையில் கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால் சொந்தமாகவே வாங்கினோம். அப்போது அம்மாவுக்கும் ஒன்று எடுத்தேன். பிள்ளைகள் தங்கள் அங்கிகளைப் போட்டுக் கழற்றி விளையாடிவிட்டு உறங்கப் போன பின்னர், அம்மா தனது அங்கியை எடுத்துச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். தோள்பட்டி இறுக்கமாக இருந்தது. இரண்டு விரல் அகலத்துக்குத் தளர்த்திவிட்டேன். முன்னால் மூன்று கொளுக்கிகள் இருந்தன. என் கையை விலக்கிவிட்டு மூன்றையும் அவரே ஒவ்வொன்றாகப் பூட்டினார், பிறகு கழற்றினார், மறுபடியும் பூட்டினார். அப்படியே சற்று நேரம் இருந்துவிட்டு, "புதன்கிழமை எத்தனை மணிக்கு எழும்ப வேணும் புள்ள?" என்று கேட்டார்.

இரண்டு மணிக்கு என்றேன்.